காலையிலேயே பிளக்கைக் கழட்டுங்கோ

சித்திரையில் வெயிலும் இடியும் சேர்ந்துதான் வரும். பகல் முழுக்க எரித்துவிட்டு, பின்னேரம் மின்னத் தொடங்கும். இந்த இடைப்பருவ மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வெக்கையால் அம்மம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை என்று, அம்மா சீட்டுக் காசை எடுத்து ஏசி பூட்டினவ. சீட்டு இன்னும் கட்டி முடியேல்ல. மின்னலில் போர்ட் எரிந்தால், சீட்டு முடிய முதல் ஏசி முடிந்துவிடும்.

“ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?” என்று கேட்பினம். அது மின்னொழுக்கிலிருந்து ஆட்களைக் காப்பாற்றத்தான். 230 வோல்ட் வரவேண்டிய வயரில் மின்னலால் ஒரு கணம் ஆயிரக்கணக்கில் ஏறினால், ட்ரிப் விழ முதலே போர்ட் போய்விடும்.

எங்கட வீட்டில் ஏசி தேவைப்படுவது இரவில். இடி வருவது பின்னேரம், அம்மம்மா தனிய இருக்கிற நேரம். முழக்கம் தொடங்கின பிறகு அவ பிளக்கைத் தொடக்கூடாது. அதனால் காலையில் வெளிக்கிடும்போதே கழட்டிவிடுகிறோம். பிளக் இல்லாத ஏசி என்றால் பிரேக்கரை நிறுத்தலாம். ஆனால் மிகக் கிட்ட விழுகிற மின்னல் அந்த இடைவெளியையும் தாண்டிப் பாயும்.

கரண்ட் போய் வந்தவுடனேயும் போடாதீங்கோ. அஞ்சு நிமிஷம் பொறுத்தால் கம்பிரசருக்கு நல்லம்.