பிறையில் ஒரு மூலைவீட்டு விளைச்சல்

மலேசியாவின் வடபகுதிக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. இருந்தாலும் டிசம்பரில் மழை ஓய்ந்தால் மார்ச் வரை பினாங்கில் வெயில்தான். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறவர்களுக்காகத் தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், அவ்வளவு சூடு. வீட்டில் காய்கறி போடுகிறவர்களுக்குக் கை நிறைகிற காலமும் இதுதான். மழை மாதங்களில் பூ அழுகும், தேனீ வராது, இலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் மாதங்களில் வேருக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தால் வெண்டையும் பாகலும் புடலையும் போட்டி போட்டுக் காய்க்கும்.

அப்படி ஒரு மார்ச் ஞாயிறு விடியலில் பிறைக்குப் போனேன். ஜார்ஜ்டவுனிலிருந்து வருகிறவர்களுக்குப் பிறை என்றால் 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் தரை தொடும் இடம், தொழிற்சாலைகள், கனரக லாரிகள், பெரிய ராஜகோபுரத்தோடு கருமாரியம்மன் கோயில். அங்கே ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), வரிசையின் கடைசியில் இருக்கும் மூலைவீட்டில் ஒரு கணவனும் மனைவியும் தோட்டம் போடுகிறார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவர் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அண்ணன், அக்கா என்றே எழுதுகிறேன்.

நான் போன நேரத்தில் அக்கா பறிக்கத் தொடங்கியிருந்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சிடணும் தம்பி. சூடு ஏறின காயை வச்சா சாயங்காலமே வாடிடும்" என்றார். வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்க்கவில்லை. விரல் நீளம் வந்ததா என்று கண்ணாலேயே அளந்து, காம்போடு கத்தரித்தார். இந்த வெயிலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் வெண்டை நாராகிவிடும். அதோடு முற்றிய காய் செடியில் நின்றால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கத்தரிக்காய்க்கு அவர் பார்ப்பது மினுமினுப்பை. தோல் மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று அர்த்தம். பப்பாளியில் பச்சைத் தோலின் மேல் மஞ்சளாக ஒரு கீற்று ஓடினால் போதும், அன்றே இறக்கிவிடுவார். இன்னும் ஒரு நாள் விட்டால் அணிலுக்குப் போய்விடும்.

அண்ணன் பந்தலடியில் இருந்தார். வெள்ளைப் பிவிசி குழாய்களை அவரே அறுத்துப் பொருத்தி, மீனவர் கழித்துப்போட்ட பழைய வலையை மேலே இழுத்துக் கட்டிய பந்தல். ஒரு பக்கம் புடலை, ஒரு பக்கம் பாகல், நடுவில் பீர்க்கு. புடலம்பிஞ்சு ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் கட்டி, நூலில் சிறு கல் தொங்கவிட்டிருந்தார். கல் இல்லாவிட்டால் காய் சுருண்டுவிடும், நேராக இறங்காது. பாகற்பிஞ்சுகளுக்குச் செய்தித்தாளில் குழல் சுற்றி மாட்டியிருந்தார். பழ ஈ பிஞ்சுத் தோலைக் குத்தி முட்டை இட்டுவிட்டால் காய் ஒருபக்கம் கோணி, உள்ளே புழு வைத்து, மஞ்சளித்து விழும். பூ வாடி உதிர்ந்த உடனே காகிதம் ஏற வேண்டும். இரண்டு நாள் கழித்து மாட்டினால் ஈயைக் காகிதத்துக்குள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். கொய்யாவுக்குப் பிளாஸ்டிக் பை. பையின் அடியில் ஓட்டை போட்டுவிடுகிறார், தண்ணீர் தேங்காமல் இருக்க.

கொய்யா மரத்துக் கிளையில் பக்கவாட்டில் துளையிட்ட மினரல் வாட்டர் போத்தல் ஒன்று தொங்கியது. உள்ளே கசக்கிய துளசி இலை, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர். துளசியின் வாசனைப் பொருள்களில் ஒன்றான மெத்தில் யூஜினால், பழ ஈயில் ஆண் ஈக்களைத் தூரத்திலிருந்தே இழுக்கும். விவசாயத் துறைகளும் பெரிய தோட்டங்களும் இதே பொருளைத்தான் பொறிகளில் வைக்கின்றன. ஆண் ஈக்கள் குறைந்தால் முட்டையிடும் ஈக்களும் அடுத்த தலைமுறையில் குறையும். அந்த வேதியியல் பெயரை நான் சொன்னபோது அக்கா தலையாட்டிவிட்டு, "எங்கம்மா மிளகாய்ப் பாத்தி ஓரமா துளசி நட்டு வச்சிருப்பாங்க. பூச்சி அங்க போய் மொய்க்கும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பக்கவாட்டு நிலத்தில் தொடக்கத்தில் மண்ணே இல்லை. தாமான் கட்டியவர்கள் சதுப்பை மேடாக்கக் கொட்டிய செம்மண், அதற்குள் உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி. சாங்குல் மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறந்ததாம். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டோடு அடைபட்ட அந்த நாட்களில்தான் அண்ணன் கடப்பாரையோடு இறங்கினார். செங்கல்லைப் பொறுக்கி ஓரத்தில் பாத்தி வரப்பாக அடுக்கினார். அக்கா அட்டைப் பெட்டிகளைப் பரப்பி, மேலே புல் வெட்டியது, காய்கறித் தோல், ஆட்டுப் புழுக்கை, கெடா அரிசி ஆலையிலிருந்து மூட்டையில் வரும் கருக்கிய உமி என்று அடுக்கினார். "ஒரு வருஷம் வேற எதுவும் போடல. சக்கரவள்ளிக் கொடிய மட்டும் படரவிட்டேன். அது மண்ண உள்ளேர்ந்து உடைக்கும். இவர் கோவிச்சுக்கிட்டாரு, இவ்வளவு பாடுபட்டு வெறும் கொடிதானான்னு." அண்ணன் மறுக்கவில்லை. இப்போது அந்த மண்ணில் கை முழுசாக இறங்குகிறது. நான் இறக்கிப் பார்த்தேன். ஈரமாக, கருப்பாக, மண்புழுவோடு வந்தது.

உரம் முழுக்க வீட்டிலேயே தயாராகிறது. சந்தையில் வாங்கும் மீனின் குடலும் செதிலும் எடைக்கு எடை சர்க்கரையோடு மூடிய வாளியில் ஒரு மாதம் ஊறினால் மீன் அமிலம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து வேரில் ஊற்றுகிறார்கள். இதை அக்கா கற்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் பட்டறை ஒன்றில். 1969-இல் தோன்றிய அந்தச் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை அவர் தலைமையில், நஞ்சில்லாத உணவைப் பற்றி விடாமல் பேசியது. சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய்ப் பஞ்சகவ்யம், மண்புழு உரம் என்று செய்து காட்டியவர். கொடுமுடி டாக்டர் நடராஜன் தமிழ்நாட்டில் பரப்பிய பஞ்சகவ்யம் கடல் கடந்து பினாங்கின் அடுக்குமாடி வீட்டுத் தொட்டிச் செடிவரைக்கும் வந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த உழைப்பைத் தமிழ் ஏடுகள் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

வெயில் மாதங்களில் பெரிய கவலை தண்ணீர். 2024 ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி, சுங்கை பிறையில் பழுதான குழாய் வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாட்கள் குழாய்த் தண்ணீர் நின்றது. பாகல் பூத்துக்கொண்டிருந்த நேரம். அண்ணன் கூரைத் தகரத்தின் ஓரத்திலிருந்து குழாய் இறக்கி, மூன்று நீலத் தோங்குப் பீப்பாய்களில் டிசம்பர் மழையைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் தோட்டம் தப்பியது. திறந்த தண்ணீர் இருந்தால் ஏடிஸ் கொசு பெருகும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு அகப்பட்டால் அபராதம். அதனால் தோங்கின் வாய்க்கு நுண்வலை, உள்ளே கப்பி மீன். பாத்திகளின் மேல் தென்னை ஓலையும் காய்ந்த புல்லும் மூடாக்கு. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை மூடாக்குக்குக் கீழே ஈரமாக நிற்கிறது.

மதியச் சாப்பாடு அங்கேயே. பறித்த பாகலை நெத்திலிக் கருவாட்டோடு புரட்டி, முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து, கத்தரிக்காய்க்குச் சம்பால். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பின்வீட்டு மலாய் மக்சிக் வேலிக்கு மேலாக ஒரு கட்டு உலாம் ராஜாக் கீரையை நீட்டினார். லக்சாவுக்குப் போடும் புங்கா கந்தானும் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. பதிலுக்குக் கறிவேப்பிலை போகும். அடுத்த வரிசைச் சீனக் குடும்பத்துக்குப் பீர்க்கங்காய். விற்பது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. மிஞ்சினால் கோயில் அன்னதானத்துக்கு.

மாலை ஐந்தரைக்கு மேல் அண்ணன் என்னைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். பீர்க்கு பூப்பது பொழுது சாயும் நேரத்தில். பாகலும் பூசணியும் காலைப் பூ, தேனீ பார்த்துக்கொள்ளும். பீர்க்குக்கு அந்திப் பூச்சிதான் துணை. சுற்றிலும் தொழிற்சாலையும் தெருவிளக்கும் இருக்கிற இந்தத் தாமானில் அந்தப் பூச்சி அதிகம் வருவதில்லை. அதனால் கையால் சேர்க்க வேண்டும். கொத்தாகப் பூத்திருந்த ஆண்பூக்களில் ஒன்றைக் கிள்ளி, இதழை மடக்கி, மகரந்தம் தூசியாக உதிர்கிறதா என்று உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். அடியில் சுண்டுவிரல் அளவு பிஞ்சோடு இருந்த பெண்பூவின் நடுவில் அதை மெல்லத் தொட்டுச் சுழற்றினார். முப்பது வருடம் இயந்திரத் திருகாணி முடுக்கிய தடித்த விரல்கள். இதழ் ஒன்றுகூடக் கிழியவில்லை. "இது அவங்க கத்துக்கொடுத்தது" என்று அக்காவைக் காட்டினார். "லயத்துல இத ஆம்பளைங்க செய்ய மாட்டாங்க" என்றார் அக்கா.

லயம் என்ற சொல்லோடு பேச்சு பழைய காலத்துக்குப் போனது. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த இந்தக் கரைநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு செம்பனை. பிறகு தொழிற்பேட்டைகளும் தாமான்களும். எந்தப் பயிர் வந்தாலும் அது முதலாளியின் பயிர். தோட்டத்துத் தமிழர் தங்களுக்கென்று பயிரிட இருந்தது லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் மட்டும்தான். காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து, பிற்பகலில் அங்கே இறங்குவார்கள். முருங்கை, வாழை, மிளகாய், கீரை. சப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது அந்த மண்ணில் விளைந்த மரவள்ளிதான் உயிரைப் பிடித்து வைத்தது என்று அக்காவின் பாட்டி சொல்வாராம். 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசு பச்சைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. லயத்து மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இழப்பீடு, வீடு, பள்ளி, கோயில் பற்றியெல்லாம் போராட்டம் நடந்தது. நடந்திருக்க வேண்டியதுதான். பின்கட்டு நிலத்தில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த கைவேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த மாதம் எதை விதைப்பது, எந்தப் பூவை எப்போது தொடுவது, எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதெல்லாம் எழுதப்படாத அறிவு. மலிவு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் அது ஒரே தலைமுறையில் அறுந்துவிட்டது. மூலைவீடு வாய்த்த சிலரிடம்தான் மிச்சம் இருக்கிறது. நான் பார்த்தது பொழுதுபோக்குத் தோட்டம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தறியும் உளியும் போல இதுவும் ஒரு கைத்தொழில்.

அதற்குச் சான்று அக்காவின் பிஸ்கட் டின்கள். ஒவ்வொரு டின்னிலும் காகிதப் பொட்டலங்கள். குட்டையான வரிக்கத்தரி அவர் அம்மா லயத்தில் போட்டது, தோட்டத்தை விட்டு வரும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. செடியிலேயே மஞ்சளாகும்வரை காயை விட்டு, பிசைந்து தண்ணீரில் கரைத்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைக்கிறார். வெண்டை விதையை நெற்று வெடிப்பதற்கு முன் எடுக்கிறார். விதைக்கு விடும் காய்க்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதை அண்ணன்கூடத் தொட மாட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகைக் கத்தரி போட்டால் கலந்துவிடும் என்பதற்காக, கடையில் வாங்கிய ஒட்டுக் கத்தரியை அந்த வீட்டில் அனுமதிப்பதே இல்லை.

மே மாதத்தில் மாம்பழத்துக்காகத் திரும்பவும் போனேன். ஜனவரி, பிப்ரவரியின் வறட்சிதான் மாமரத்தைப் பூக்கவைக்கிறது. அதற்காகவே அந்த மாதங்களில் மாமரத்துக்கு மட்டும் அண்ணன் தண்ணீர் காட்டுவதில்லை. காகித உறைக்குள் இருந்த பழங்களை ஒரு சாண் காம்போடு வெட்டி, பிறகு காம்பைக் கிள்ளித் தலைகீழாகக் கம்பி வலையில் சாய்த்து வைத்தார். பால் தோலில் வழிந்தால் கறுத்துவிடும். பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூத்தவள் பத்து வயதுக்காரி, புடலைக்குக் கல் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று எதுவும் சொல்லாமல் பார்த்தார்.

தோட்டப்புறத்தில் பிறந்த அம்மாவோ அத்தையோ பாட்டியோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அவர்கள் லயத்துக்குப் பின்னால் என்ன போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள், செய்வதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். விதை ஏதாவது மிச்சம் இருந்தால் ஒரு பிடி வாங்கி இந்த ஆண்டே விதையுங்கள். கத்தரி விதையைச் சும்மா வைத்திருந்தால் சில ஆண்டுகளில் முளைப்புத் திறன் போய்விடும்.