வெறும் பாக்குதானே!

அந்த ஊரில் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் மும்முனை மின்சாரம் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு, விடியும்வரை கரும்புக்கு மடை மாற்ற வேண்டும். தூக்கத்தை விரட்ட அந்த விவசாயிக்கு முப்பது வயதில் பழகியது புகையிலைப் பாக்கு. கன்னத்தில் ஒதுக்கினால் உடம்பு சூடாகும், கண் விழித்துக்கொள்ளும்.

2013-ல் தமிழக அரசு குட்கா, பான்மசாலாவுக்குத் தடை விதித்தது. பெட்டிக்கடையில் ஒளித்துவைத்து, விலை கூட்டி விற்றார்கள். 'இனிப் புகையிலையே வேண்டாம்' என்று வெறும் கொட்டைப்பாக்குக்கு மாறினார். கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டதாக ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சில ஆண்டுகளில், குழம்பு பட்டாலே வாய் எரிந்தது. "மிளகாயை அள்ளிக் கொட்டுறியா?" என்று மனைவியிடம் தினமும் சண்டை. அந்த அம்மாவும் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மோர்ச்சோறு மட்டும்தான் இறங்கியது. ஒருநாள் சோற்றை உருண்டையாக வாயில் வைக்க முடியவில்லை. வாய் திறக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

"புகையிலையை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சுங்க. வெறும் பாக்குதானே?"

"அந்தப் பாக்குதான் காரணம்" என்றார் மருத்துவர்.

பாக்கில் உள்ள அரெகோலின் என்ற பொருள்தான் சுறுசுறுப்பைத் தருகிறது. அதுவே நாளடைவில் கன்னத்தின் உட்சதையை நார்போல இறுக்கிவிடுகிறது. இறுகிய சதை பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது.

அன்றோடு பாக்கை நிறுத்தினார். மருத்துவர் சொன்ன வாய்ப் பயிற்சியால் இப்போது இரண்டு விரல் நுழைகிறது. தவறாமல் பரிசோதனைக்குப் போகிறார். கரும்புக்குச் சொட்டுநீரும், மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டரும் போட்டுவிட்டதால் இரவில் தூங்குகிறார்.

"இத்தனை நாளா உன் சமையலைக் குறை சொல்லிட்டேனே" என்றார் ஒருநாள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுக் குழம்பில் இன்னும் மிளகாய் இல்லை.

பாக்கு போடுபவர்கள் இன்றே மூன்று விரல் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் எரிந்தாலோ, வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, உடனே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.