மருமகனும் எடைமேடை மென்பொருளும்

புனேயோ, பெங்களூரோ, குர்காவுனோ, நம்ம ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் இது வருஷா வருஷம் நடக்கிற விஷயம்தான். ஊரிலிருந்து போன் வரும். "பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டான். அங்க ஒரு கம்பெனியில வேலை கெடச்சிருக்கு. ரூம் பாக்குற வரைக்கும் உங்க வீட்டுல..." மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். ஹாலில் ஒரு பாய் கூடும். இட்லிப் பானையில் ஒரு தட்டு கூடும்.

முதல் மாசம் உற்சாகமாகப் போகும். மூணாவது மாசம் பையன் முகம் வாடும். வெறும் சப்பாத்தி தின்று காய்ந்துவிட்டான் என்று வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லைங்க. எழுதின புரோகிராம் ஓடவில்லை, யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த மூணாவது மாசத்துக்காகத்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம் :-)

எங்கள் வீட்டுக்கு 2024 ஜூனில் வந்தது தங்கமணியின் அண்ணன் மகன். அருப்புக்கோட்டைப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அப்பா தறி ஓட்டுகிறவர். தலைக்கு மேல் கல்விக் கடன். வேலை போசரியில், சர்க்கரை ஆலைகளின் எடைமேடைக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. ஆறு மாச புரொபேஷன்.

"இந்தக் காலத்துல யாரு மாமா டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதுறா? ஃபிரண்ட்ஸெல்லாம் ஏஐ, கிளவுடுன்னு போயிட்டாங்க" என்று வந்த அன்றே அவனுக்கு ஒரு குறை. நானும் இருபது வருஷமாக இதே டெஸ்க்டாப் ஆணிதான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். தராசோடும் பிரிண்டரோடும் நேரடியாகப் பேச வேண்டிய இடம், நெட் போனாலும் நிற்கக் கூடாத இடம், இங்கெல்லாம் இன்றைக்கும் டெஸ்க்டாப்தான் மாப்ளே என்றேன். 2002இல் டாட் நெட் முதல் பதிப்போடு வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ், 2023இல் வந்த டாட் நெட் 8லும் இருக்கிறது. நடுவில் வந்த எத்தனையோ புதுசுகள் காணாமல் போய்விட்டன.

செப்டம்பரில் முகம் வாடியது. "எனக்கு இது சரிப்படாது அத்தை, ஊருக்கே போயிடுறேன்" என்று அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மடிக்கணினியோடு உட்கார்ந்தோம். அவன் முட்டிக்கொண்ட ஒவ்வொன்றும் எல்லாப் புதியவர்களும் முட்டிக்கொள்கிற இடம்தான். அதனால் வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

0. எரர் பெட்டியை மூடாதே

முதல் நாள் நான் கவனித்தது இதைத்தான். சிவப்புக் குறியோடு பெட்டி வந்ததும் பையனின் விரல் தானாகப் போய் அதை மூடிவிடுகிறது. "என்ன எழுதியிருந்துச்சு?" "தெரியல மாமா, ஏதோ எரர்." அறிவு குறைவு இல்லை, கூச்சம். நாலு வரி இங்கிலீஷைப் பார்த்ததும் யாரோ திட்டுகிற மாதிரி ஒரு உணர்வு. தமிழ் மீடியத்தில் படித்து வந்த யாருக்கும் இது புரியும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். எரர் வந்தால் அதை அப்படியே கையால் எழுத வேண்டும். கீழே தமிழில் என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடலாம்.

உதாரணத்துக்கு உலகப் புகழ் பெற்ற 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்' என்று தொடங்கும் எரர். முகவரிச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம், பார்த்தால் சீட்டு வெறும் காகிதம். அவ்வளவுதான் விஷயம். எந்தச் சீட்டு வெறுமையாக இருந்தது என்பதுதான் கேள்வி. எரருக்குக் கீழே வரிசையாக வரும் வரிகளில், மேலிருந்து பார்த்து, முதலில் நம்ம ஃபைல் பெயரும் வரி எண்ணும் எங்கே வருகிறதோ அங்கே போ. மற்றதெல்லாம் மைக்ரோசாஃப்ட் எழுதினது, அதைப் பார்த்து மிரளாதே.

இதோடு சேர்ந்த இன்னொன்று வெறும் 'கேட்ச்'. எரர் வந்தால் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. புரோகிராம் விழாது, உண்மைதான். காய்ச்சல் தெரியக் கூடாது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை அது. குறைந்தபட்சம் நேரத்தோடு ஒரு லாக் ஃபைலில் எழுது.

1. உறைந்து போகும் திரை

பட்டனை அமுக்கினால் திரை வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். இதைக் கல்யாணப் பந்தி வைத்து விளக்கினேன். டெஸ்க்டாப் புரோகிராமில் பரிமாறுகிறவர் ஒருத்தர்தான். திரையை வரைவது, மவுஸுக்குப் பதில் சொல்வது, எல்லாம் அவர் வேலை. நீ பட்டனுக்குள் எழுதுகிற வேலையும் அவர் தலையில்தான் விழும். 'ஸ்லீப்' போட்டாலோ, டேட்டாபேஸிலிருந்து லட்சம் வரி இழுத்தாலோ, அவரை உள்ளே கூப்பிட்டு மாவாட்ட விட்ட கதைதான். பந்தி காய்கிறது.

மாவாட்ட வேறு ஆளை அனுப்பு. 2012இல் சி ஷார்ப் 5இல் வந்த 'அசிங்க் - அவெய்ட்' இதற்குத்தான். ஆனால் நடுவில் பொறுமை இல்லாமல் '.ரிசல்ட்' என்று கேட்டுவிடாதே. சமையல்காரர் முடித்தால்தான் நகருவேன் என்று பரிமாறுகிறவர் வாசலில் நிற்பார். வழி விட்டால்தான் முடிப்பேன் என்று சமையல்காரர் உள்ளே நிற்பார். இரண்டு பேரும் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

2. தராசு பேசும் வேறு நூல்

எடைமேடையின் இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக எடையை அனுப்பும். வந்த சேதியை வாங்குவது பரிமாறுகிறவர் இல்லை, பின்கட்டில் இருக்கும் வேறொரு ஆள். அவரே நேராகப் பந்திக்கு வந்து இலையில் வைத்தால் 'கிராஸ் திரெட்' எரர். நெட்டில் தேடினால் ஒரே வரியில் இந்தச் சோதனையை அணைத்துவிடும் வைத்தியம் கிடைக்கும். மருமகனும் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். எரர் நிற்கும், நோய் இருக்கும். என்றைக்காவது, எங்கேயாவது திரை கோளாறாகும், காரணம் கிடைக்காது. சரியான வழி 'பிகின்இன்வோக்'. தட்டைப் பரிமாறுகிறவர் கையில் கொடுத்துவிட்டு நீ உள்ளே போய்விடு. அவர் வைத்துக்கொள்வார்.

இதில் இன்னொரு பொறி. 18450 என்று தராசு அனுப்பினால் அது ஒரே மூச்சில் வந்து சேரும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. முதலில் 18 வரலாம், பிறகு 450 வரலாம். வரிமுடிவுக் குறி வரும் வரை சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர் 18 கிலோ என்று சீட்டு அடிக்கும் :-)

3. "என் மெஷின்ல ஓடுதே!"

நம் தொழிலில் அதிகம் கேட்கிற வசனம். கொண்டுபோய் ஆலையில் போட்டால் ஓடாது. பார்க்க வேண்டியது அஞ்சு இடம்.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் செட்டிங்ஸை எழுதுகிறாயா? விஸ்டா காலத்திலிருந்தே சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. புரோகிராம்டேட்டாவிலோ ஆப்டேட்டாவிலோ எழுது. ஆக்சஸ் ஃபைலைத் திறக்கும்போது 'புரொவைடர் நாட் ரெஜிஸ்டர்ட்' என்று வருகிறதா? டிரைவர் போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் அதுவும் உன் புரோகிராமும் ஒரே ஜாதியா, 32 பிட்டா, 64 பிட்டா என்று பார். யுஎஸ்பி கேபிளை வேறு ஓட்டையில் குத்தினால் காம் 3 காம் 5 ஆகலாம், அதனால் போர்ட் எண்ணை கோடுக்குள் எழுதாதே. விவசாயி பெயரை மராத்தியில் அடித்தால் ???? என்று சேமிக்கிறதா? டேட்டாபேஸில் 'வார்சார்' வைத்திருப்பாய், 'என்வார்சார்' ஆக்கு. தமிழுக்கும் இதே கதைதான்.

அஞ்சாவது இடம் இருக்கிறதே, தேதி. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

4. பதிமூணாம் தேதி

2024 நவம்பர். அரவை சீசனுக்கு முன்னால் ஒரு ஆலையில் வெள்ளோட்டம். 1ஆம் தேதியிலிருந்து வண்டிகளை ஏற்றி இறக்கிச் சீட்டு போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது. 13ஆம் தேதி காலை முதல் சீட்டே சேமிக்கவில்லை. எரர். ஆலையிலிருந்து போன் மேல் போன். நேற்று சாயங்காலம் யார் என்ன மாற்றினார்கள் என்று கம்பெனியில் விசாரணை. கடைசியாகக் கை வைத்தவன் யார்? புதுப் பையன். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றியிருந்தான்.

அவன் எரரை மூடவில்லை. நோட்டில் எழுதினான். எழுத்தாக வந்த ஒன்றைத் தேதியாக மாற்றும்போது எல்லையைத் தாண்டிவிட்டது என்று தமிழில் அர்த்தம் எழுதினான். எந்த எல்லை? 13. எதில் 13 இருக்க முடியாது? மாதத்தில்.

புரோகிராம் தேதியை 13/11/2024 என்று எழுத்தாக ஒட்டி அனுப்புகிறது. டேட்டாபேஸ் அமெரிக்கப் பழக்கத்தில் முதல் எண்ணை மாதம் என்று படிக்கிறது. பதிமூணாவது மாதம் இல்லை, அதனால் எரர். அப்படியென்றால் 5/11 என்று போனது? பேசாமல் மே 11 என்று உட்கார்ந்துவிட்டது. எரரே வராது. பையன் டேபிளைத் திறந்து பார்த்தான். பத்து நாளைக்கும் மேலான சீட்டுகள் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சிதறிக் கிடந்தன. ஒரே ஒரு நாள் மட்டும் சரி, 11/11. அதை எப்படித் திருப்பினாலும் அதேதான். ஆலைக்காரர்கள் ரிப்போர்ட் எடுத்துச் சரிபார்த்ததும் அந்த ஒரு நாளைத்தான்.

ஹிந்தி வராது, மராத்தி வராது, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி. நோட்டை மேஜை மேல் விரித்து வைத்து, "நாட் டுடே சார். ஃபர்ஸ்ட் டே இட்செல்ஃப் ராங்" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அறையில் யாரும் அதற்குப் பிறகு பட்டன் நிறத்தைப் பற்றிப் பேசவில்லையாம்.

திருத்தம் சின்னது. தேதியை எழுத்தாக ஒட்டாமல் தேதியாகவே பாராமீட்டரில் அனுப்ப வேண்டும். எழுத்தாகத்தான் வேண்டுமென்றால் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கமாக, 20241113 என்று. மறுநாளே சரியாகிவிட்டது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாடு ஆணைப்படி கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் வர வேண்டும். தாமதமானால் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அந்த 14 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? சீட்டில் இருக்கும் தேதியிலிருந்துதான். மராத்வாடாவிலிருந்து குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுக் கரும்பு வெட்டுகிற ஜனங்களின் கூலியும் அந்த எடையை வைத்துத்தான். சீசன் தொடங்கின பிறகு இது தெரிந்திருந்தால் யார் யாருக்குப் பதில் சொல்வது?

இதே காரணத்துக்காகத்தான் பணத்தை 'டபுள்' என்கிற வகையில் வைக்காதே என்று சொல்கிறோம். அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். காசுக்கு 'டெசிமல்' வை.

மருமகனுக்கு ஆறு மாசம் முடிந்ததும் வேலை உறுதியாகவில்லை. இன்னும் மூணு மாசம் நீட்டித்தார்கள், இங்கிலீஷ் பேச்சு போதாது என்று. 2025 மார்ச்சில் உறுதியானது. இப்போது வாகடில் மூணு பேரோடு ரூம். கல்விக் கடன் தவணையை அவனே கட்டுகிறான். நோட்டு மூணாவது ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் ஹாலில் ஒரு பாய் விரித்திருந்தால் ஒரு வேண்டுகோள். "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்காதீர்கள், "நல்லா போகுது" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன எரர் வந்துச்சு?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தங்கமணிக்கும் தெரியாது. தோசை வார்த்துக்கொண்டே கேட்பார், பையன் தமிழில் விளக்கிச் சொல்லுவான். பாதி சொல்லும்போதே "இருங்க அத்தை" என்று எழுந்து ஓடுவான். வாய்விட்டுச் சொன்னாலே எங்கே இடிக்கிறது என்று பாதி எரர்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

தோசை மட்டும் ஆறிவிடும். அதைத் தட்டு போட்டு மூடி வையுங்கள்.