முகத்தைப் போடுங்க!

உங்கள் செல்போனில் எத்தனை படங்கள் இருக்கின்றன? ஆயிரம்? பத்தாயிரம்? கடைசியாக எப்போது அவற்றைப் பார்த்தீர்கள்?

நான் விருதுநகர்க்காரன். லீவு கிடைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறிவிடுவேன். அப்படிப் பல வருடங்களாகச் சேர்ந்த படங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள், 'புத்தகமாகப் போட்டால் என்ன?' என்று தோன்றியது.

"யார் வாங்குவா?" என்றார்கள் வீட்டில்.

நியாயமான கேள்விதான். 1963-ல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே, வெறும் 26 பெட்ரோல் பங்க்குகளைப் படமெடுத்து, சொந்தச் செலவில் 400 பிரதிகள் போட்டார். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பியது. மனிதர் அசரவில்லை. நிராகரிக்கப்பட்டதையே விளம்பரமாகப் போட்டார்! புகைப்படப் புத்தகங்களின் கதையை இன்று யார் சொன்னாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அந்தத் தைரியத்தில், சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் மலையாகக் குவிந்து கிடக்கும் இடம்.

"ஆஃப்செட்ல நூறு அடிச்சாலும் ஆயிரம் அடிச்சாலும் பிளேட் செலவு ஒண்ணுதான் தம்பி. உங்களுக்கு 30 போதும்னா டிஜிட்டல்ல போட்டுக்கோங்க. சென்டர் பின் அடிக்கணும்னா பக்கம் நாலால வகுபடணும்" என்றார். 48 பக்கம் என்று முடிவானது.

டம்மியைப் பார்த்ததும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. நடுப்பக்கத்தில் பட்டாசு வேலை செய்யும் ஓர் அக்காவின் கைகள். அலுமினியப் பொடி அப்பி, வெள்ளியில் வார்த்த மாதிரி திரையில் மின்னிய கைகள், காகிதத்தில் வெறும் சாம்பல் நிறமாக இருந்தன.

"நாலு கலர்ல வெள்ளி வராது தம்பி. தனியா சில்வர் இங்க் போடணும். அதுலயும் இருக்கறது அதே அலுமினியப் பொடிதான்" என்று சிரித்தார் அண்ணாச்சி.

டம்மியை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நிதானமாகப் புரட்டினார். நடுப்பக்கத்தில் நிறுத்தினார்.

"இது எங்கைதான். ஆனா எம் பேத்திகிட்ட காட்டுனா, யாரு கைன்னு கேப்பா. எல்லாரும் கையத்தான் எடுத்துட்டுப் போறீங்க தம்பி. முகத்தைப் போடுங்க."

சுருக்கென்றது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தபோது வந்த கேமராக்கள் நினைவுக்கு வந்தன. விபத்து நடந்தால் கருகிய உடல், நடக்காவிட்டால் பொடி அப்பிய கை. நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்?

"அஞ்சு நிமிசம் இருங்க" என்று உள்ளே போனவர், முகம் கழுவி, புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எடுத்தேன். பொடி அப்பிய கைகள் போய், நடுப்பக்கத்தில் அந்த முகம் வந்தது.

30 பிரதிகளில் இரண்டை அவரிடம் கொடுத்தேன். "ஒண்ணு மக வீட்டுக்கு" என்று தனியாக எடுத்து வைத்தார்.

நீங்களும் பத்துப் பிரதியாவது போட்டுப் பாருங்கள். ஆனால் பிரஸ்ஸுக்குப் போகும் முன்னால், டம்மியைப் படத்தில் இருப்பவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.