வெள்ளித் தண்ணியும் அம்மாவோட சுண்டுவிரலும்

ஒன்றரை மாசமா இங்க எதுவும் எழுதலை. மஞ்சள் வேக வைக்கிற வேலைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். மஞ்சள் வெந்து, காய்ஞ்சு, மூட்டை கட்டியும் ஆச்சுங்க. எழுதாததுக்குக் காரணம் வேற. ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதைச் சொல்லாம அடுத்த பதிவு எழுத மனசு வரலை.

நம்ம கை சும்மா இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், இஞ்சி பூண்டு கரைசல் எல்லாமே நம்ம தொட்டியில நாமளே போடுறதுதான். மோட்டார் ஸ்டார்ட்டர் போனாலும் முதல்ல நான்தான் பிரிப்பேன். கடைக்காரனை நம்பாம வாழலாம்ங்கிற நெனப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

திருப்பூர்ல இருக்கிற சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்புனான். வெள்ளிக் கம்பி ரெண்டு, பேட்டரி மூணு, ஒரு டம்ளர் தண்ணி. கரண்ட் விட்டா வெள்ளி தண்ணியில கரையும், அதைக் குடிச்சா எந்தக் கிருமியும் நிக்காது, ஆறாத புண்ணும் ஆறும்னு சொன்னாங்க. 'கூழ்ம வெள்ளி'ன்னு பேரு. கேட்டதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. குழந்தைக்கு வெள்ளிச் சங்குல பால் புகட்டுன ஊரு நம்மளுது. வெள்ளி கெடுதல் பண்ணுமான்னு தோணுச்சு.

அப்ப அம்மாவுக்குக் கால்ல புண்ணு. களத்துல செருப்பு இல்லாம நடந்ததுல கருவேல முள்ளு சுண்டுவிரலுக்கு அடியில ஏறியிருக்கு. அம்மாவுக்குப் பதினஞ்சு வருசமா சக்கரை. பாதத்துல உணர்ச்சி கம்மி. முள்ளு ஏறினதே ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

முதல்ல வீட்டுல கிடந்த பழைய கொலுசை எடுத்தேன். ஆசாரி, "அதுல செம்பு கலந்திருக்குதுங்க, வேண்டாம்"னு சொல்லி, சுத்த வெள்ளியில கம்பி இழுத்துக் குடுத்தார். ஒன்பது வோல்ட் பேட்டரி மூணை ஒண்ணோட ஒண்ணு மாட்டி, ஒயர்ல கிளிப் போட்டு, கம்பி ரெண்டையும் கண்ணாடி டம்ளர்ல இறக்குனேன். போர் தண்ணியில முதல்ல போட்டேன். நம்ம போர் தண்ணி உப்பு. போட்ட உடனே கம்பியில இருந்து வெள்ளைப் புகை மாதிரி இறங்கித் தண்ணி பால் ஆகிருச்சு. அந்த டம்ளரை அப்படியே திண்ணையில வெச்சுட்டேன். வெயில் பட்டுச் சாயங்காலம் பார்த்தா கருத்துக் கிடக்குது. அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கலை.

அடுத்த நாள் டிராக்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தேன். இது மெதுவா நடக்குது. ஒரு கம்பி கருப்பாச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி லேசா மஞ்சளாச்சு. இருட்டுல டார்ச் அடிச்சா வெளிச்சம் ஒரு கோடு மாதிரி தண்ணிக்குள்ள தெரியுது. பொண்ணு கை தட்டுனா. எனக்கும் பெருமைதான். அந்த டம்ளர்ல எத்தனை வெள்ளி இருக்குது, எவ்வளவு குடிக்கலாம்னு அளக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஒரு கரைசலைப் புதுசாப் போட்டா முதல்ல ஒரு பாத்திக்குத்தான் அடிச்சுப் பார்ப்பேன். நாலு நாள் பொறுத்துத்தான் மத்த பாத்திக்குப் போவேன். அம்மாவுக்கு அந்தப் பொறுமைகூட நான் காட்டலைங்க.

காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி குடிக்கக் குடுத்தேன். புண்ணு மேலயும் ஊத்துனேன். அம்மா ஒரு கேள்வி கேக்கலை. "நீ குடுத்தா விசமா இருக்கப் போவுது சாமி"ன்னு வாங்கிக் குடிச்சாங்க. என் சம்சாரம் மட்டும் தினமும் சொன்னா, "ஏனுங்க, ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரலாமுங்க"ன்னு. மேல காய்ஞ்சிருக்குது பாரு, வலியும் இல்லைங்குறாங்கன்னு நான் வாயடைச்சேன். வலி தெரியாத காலுல வலி இல்லைன்னா என்ன அர்த்தம்? அது எனக்குத் தோணவே இல்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். கட்டை அவுத்தப்ப வாடை வந்துச்சு. விரல் கருத்திருந்துச்சு.

டவுன்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மேல் தோல் மூடி, உள்ள எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்துச்சு. சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பாதம்னு சொன்னாங்க.

டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டலை. வெள்ளி கிருமியைக் கொல்லும்கிறது உண்மைதான்னாங்க. தீக்காயத்துக்குப் போடுற வெள்ளைக் களிம்புலயும் வெள்ளிதான் இருக்குதாம். ஆனா அது அளந்து செஞ்சது, மேல போடுறதுக்கு. குடிக்கிற வெள்ளியால எந்த நோயும் தீர்ந்ததா நிரூபணம் இல்லை. புண்ணு மேல ஊத்துன தண்ணி உள்ள இருக்கிற சீழைத் தொடவும் தொடாது. இதைக் குடிச்சா தைராய்டு மாத்திரையும் சில கிருமிக் கொல்லி மாத்திரைகளும் உடம்புல சரியாச் சேராமப் போகலாம்னும் சொன்னாங்க. அம்மா தினமும் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடுறவங்க.

"தினமும் குடிச்சா வெள்ளி தோலுக்கு அடியில தங்கிரும். வெளிச்சம் பட்டா சாம்பல் நீலமாகும். அப்புறம் அது போகாது"ன்னாங்க. எனக்குத் திண்ணையில கருத்துக் கிடந்த டம்ளர் ஞாபகம் வந்துச்சு. வெள்ளி உப்பு வெளிச்சத்துல கருக்கும். பழைய போட்டோ ஃபிலிம் வேலை செஞ்சதே அப்படித்தான். வயித்துலயும் உப்பு அமிலம்தானே இருக்குது. ஒன்பது நாளைக்கு அப்படி ஆகாது, பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா தைரியம் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். இந்த மாதிரி வெள்ளி மருந்து எதுவும் பாதுகாப்புன்னோ பலன் தரும்னோ ஏத்துக்க முடியாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999லயே சொல்லிருச்சு. அதே வருசம் அங்க மொன்டானாவுல ஸ்டான் ஜோன்ஸ்னு ஒருத்தர், 2000 பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போயி மருந்து கிடைக்காதுன்னு பயந்து, என்னை மாதிரியே வீட்டுல வெள்ளித் தண்ணி செஞ்சு குடிக்க ஆரம்பிச்சார். மருந்துத் தட்டுப்பாடு வரவே இல்லை. அவர் தோல்தான் நீலமாச்சு. 2002ல செனட் தேர்தல்ல நின்னப்ப அந்த முகத்தோடதான் ஓட்டுக் கேட்டார்.

எங்க அம்மாவுக்குத் தோல் நீலமாகலை. போனது ஒன்பது நாளும் ஒரு விரலும். அந்தத் தண்ணியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம உக்காந்திருந்தேனே, அதுதான் நான் செஞ்ச கெடுதல். நானே செஞ்சதுங்கிற பெருமையில, அது வேலை செய்யுதான்னு பார்க்க மறந்துட்டேன்.

நகரத்துல இருக்கிற நீங்க பல பேரு, "கிராமத்து ஆளு சொன்னா சரியா இருக்கும்"னு எனக்கு எழுதுறீங்க. அதனாலதான் இதைச் சொல்றேன். பயிருக்கு நான் சொல்றதைக் கேளுங்க, அதையும் ஒரு பாத்தியில போட்டுப் பார்த்துட்டுக் கேளுங்க. உடம்புக்கு என்கிட்டக் கேக்காதீங்க. வீட்டுல சக்கரை இருக்கிறவங்க யாராவது இருந்தா இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. சின்னப் புண்ணா இருந்தாலும் விடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க.

அம்மா இப்ப செருப்புப் போட்டுத்தான் களத்துக்கு வர்றாங்க. நடை கொஞ்சம் சாயுது. நேத்து மாத்திரையும் தண்ணியும் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிட்டு, டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "இது வெறும் தண்ணிதானே சாமி?"ன்னாங்க. சிரிச்சுட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் சிரிக்க முடியலை.