தேதி தவறிய கணினி



இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப்போவது எனக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அன்று. நம்முடைய ஆலய அலுவலகத்துக் கணினி எனக்குக் கற்பித்த ஒரு பாடம் அது. உங்கள் வீட்டுக் கணினியிலும் இதே தொல்லை நேரலாம். அப்போது நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். அலுவலகக் கணினியில் சில இணையதளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை. செய்தித்தாள் வந்தது. வங்கியின் பக்கம் வந்தது. ஆனால் நான் வழக்கமாக வாசிக்கும் சில தளங்களைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட எச்சரிக்கை தோன்றும். அதை வாசிக்கப் பொறுமையின்றி மூடிவிடுவேன். முழுவதும் நின்றுபோனால் இணைப்புப் பழுது என்று புரிந்துகொள்ளலாம். பாதி ஓடிப் பாதி நின்றால் யாரைக் குறை சொல்வது?

குறை சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைத்தான். மாலை நேரங்களில் ஆராதனைப் பாடல்களைத் தட்டச்சு செய்துதரும் கல்லூரி மாணவன் ஒருவன் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதுண்டு. ஆலயக் குழுவினர் இருவர் முன்னிலையில் அவனிடம், "கண்டதையெல்லாம் இறக்கிப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறாயே, தம்பி" என்றேன். "நான் எதுவும் போடலைங்க ஐயா" என்று மட்டும் சொன்னான். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

நான் என் பங்குக்குப் பழுதுபார்த்தேன். உலாவியில் சேமித்திருந்த விவரங்களை எல்லாம் அழித்தேன். கடவுச்சொற்களும் அவற்றோடு போயின. வைஃபை பெட்டியைப் பழையது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கினேன். தொல்லை அப்படியே இருந்தது.

நவம்பர் 24 அன்று நம் சபையின் பெரியவர் ஒருவர் வந்தார். போத்தனூர் ரயில்வே சிக்னல் தொலைத்தொடர்புப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரயில்வே ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடிருப்பதாகச் சான்று அளிக்க வேண்டும் என்பது உங்களில் பலர் அறிந்ததே. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் தொடங்கியதிலிருந்து கைரேகை வைத்து மின்னணு முறையிலேயே அதைக் கொடுத்துவிடலாம். அவரும் கொடுத்திருந்தார். ஆனால் முந்தைய ஆண்டு ஏதோ ஒரு விவரம் பொருந்தாமல் சான்று நிராகரிக்கப்பட்டு, இரண்டு மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. மனைவியின் மருந்துக்குக் கடன் வாங்கியதை அப்போது யாரிடமும் அவர் சொல்லவில்லை. இம்முறை சான்று ஏற்கப்பட்டதா என்று மாதம் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

தளம் திறக்கவில்லை. அதே எச்சரிக்கை. "கணினி கெட்டுவிட்டது, ஐயா" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையின் கீழ்மூலையை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, இன்னைக்கு ஆகஸ்ட் 27-ங்களா?"

மணி சரியாக இருந்தது. தேதிதான் தவறு. ஒவ்வொரு நாளும் அந்த மூலையில் மணியைப் பார்த்த நான், அதன் கீழிருந்த தேதியை ஒருநாளும் பார்க்கவில்லை.

தேதியைத் திருத்தினோம். அடுத்த நிமிடமே தளம் திறந்தது. சான்று ஏற்கப்பட்டிருந்தது. பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நவம்பர் 8 அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இல்லை. மாலையில் கணினியை இயக்கியபோது ஒரு கறுப்புத் திரை வந்து தேதியைக் கேட்டது. நாமெல்லாம் எழுதும் வழக்கப்படி 8, 11 என்று நாளை முதலிலும் மாதத்தை அடுத்ததாகவும் இட்டேன். அந்தத் திரையோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் கேட்கும் திரை. ஆகவே நவம்பர் 8, ஆகஸ்ட் 11 ஆயிற்று. கணினி 89 நாள் பின்தங்கியது. கெடுத்தது அந்த மாணவன் அல்ல. என் கைதான்.

தேதிக்கும் இணையதளத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பூட்டுக் குறியோடு திறக்கும் ஒவ்வொரு தளமும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழை வைத்திருக்கிறது. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இது செல்லும் என்று அதில் குறித்திருக்கும். உலாவி அதை நம் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அப்போது சில தளங்களின் சான்றிதழ் ஏறத்தாழ ஓராண்டு செல்லத்தக்கதாக இருந்தது. அவை ஆகஸ்டுக்கு முன்பே வழங்கப்பட்டிருந்ததால் திறந்தன. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்களோ 90 நாளுக்கே செல்லும், அடிக்கடி புதுப்பிக்கப்படும். அப்படிச் செப்டம்பரிலும் அக்டோபரிலும் புதுப்பித்த தளங்களின் சான்றிதழ், ஆகஸ்டில் நின்ற என் கணினிக்கு இன்னும் பிறக்காத ஒன்றாகத் தோன்றியது. பாதி ஓடிப் பாதி நின்ற புதிரின் விடை அதுவே.

சான்றிதழ் இத்தனை கண்டிப்பாக ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகுள் தளங்களுக்கான போலிச் சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரியவந்தது. சான்றிதழ் வழங்கும் முறையே ஊடுருவப்பட்டிருந்தது. மறுநாளே அம்மையத்தின் வழங்கும் உரிமைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. போலியை நம்பினால் நம் கடவுச்சொல் கள்ளன் கைக்குப் போகும். ஆகவே ஐயம் எழுந்தால் நிறுத்துவதே உலாவியின் கடமை.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க சிக்னல் மாதிரியேதானுங்க. கம்பி அறுந்துபோனா கை தானா 'நில்'லுக்குப் போயிரும். நிக்கிற வண்டியால ஆபத்தில்லீங்க" என்றார். 1862-இலேயே ரயில் வந்த ஊர் நம் போத்தனூர். ஊருக்கொரு நேரம் இருந்த காலத்தில், ரயில்கள் மோதாமல் ஓட எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரம் தேவைப்பட்டது. பல ஆண்டுகள் சென்னை நேரமே ரயில்களின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தது. கணினிகளின் உலகிலும் அதே விதிதான். பொதுவான நேரத்தை விட்டு விலகிய கணினியை அண்டைவீட்டார் நம்புவதில்லை.

உங்கள் வீட்டில் சில தளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், எதையும் அழிக்குமுன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் திரையில் உள்ள எச்சரிக்கையை முழுவதும் வாசியுங்கள். பல வேளைகளில் கடிகாரம் தவறு என்று அதுவே சொல்லியிருக்கும். அடுத்து, தேதி, மாதம், ஆண்டு, நேர மண்டலம் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு அதே வைஃபையில் உங்கள் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் இணைப்பின்மேல் பழியில்லை. அதன்பின் வேறோர் உலாவியிலும், மறைநிலைச் சாளரத்திலும் முயலுங்கள். அங்கே திறந்தால் பழைய உலாவியின் நீட்சிகளோ சேமிப்புகளோ காரணமாக இருக்கலாம். எல்லாம் முடிந்த பின்பே அழிப்பதும் வாங்குவதும். எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ ஒருபோதும் இடாதீர்கள்.

மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி மாறினால், கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் மின்கலம். மிகக் குறைந்த விலைதான். புதிய வைஃபை பெட்டிக்கு நான் செலவழித்ததில் அதை எத்தனையோ வாங்கியிருக்கலாம்.

அன்று மாலை அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். "தவறு என்னுடையது, தம்பி. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் தாய் தேநீர் கொண்டுவந்தார்கள். அவனோ, "பரவாயில்லைங்க ஐயா" என்றான், தலை நிமிராமலே. திரும்பி நடக்கையில் எனக்குப் புரிந்தது. நான் பழித்தது இருவர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்டதோ நான்கு சுவருக்குள். கணக்கு நேராகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்த இருவரையும் அழைத்து, அவன் முன்னிலையில் நடந்ததைச் சொன்னேன். எளிதாக இல்லை. ஐம்பது வயதைக் கடந்த போதகனுக்கு "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்வது கடினமாகத்தான் இருந்தது. அன்றுதான் அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். அந்த வாரமே பாடல்களைத் தட்டச்சு செய்ய வந்தான். மின்கலத்தை மாற்றியவனும் அவனே.

அருமையானவர்களே, என் கடிகாரம் பின்தங்கியிருந்த அந்தப் பதினாறு நாளும் உலகம்தான் தவறாக ஓடுகிறது என்று நான் நம்பினேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர்மேல் நீங்கள் இப்படி ஒரு பழியை வைத்திருக்கலாம். இந்த வாரம் அவர் முகத்தைப் பார்க்குமுன், ஒருமுறை உங்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறு நம்முடையது என்று தெரிந்தால், பழித்த இடத்திலேயே அதைச் சொல்லும் தைரியத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

அன்புடன்,
உங்கள் போதகர்
போத்தனூர்