கப்பலில் வந்து இறங்கும் கேஸ்... லாரி டிரைவரின் ஸ்டவ்வுக்கு எப்படிக் கிடைக்கிறது? - எர்ணாவூர் சாலையில் ஓடும் சமையலறைகள்!

'கேரவன்' என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஏ.சி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். வெளிநாடுகளில் படுக்கை, பாத்ரூம், சமையலறை எல்லாம் வைத்த வண்டியில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். கேரளாவும் 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவிட்டது. ஆனால், வண்டியையே வீடாக்கி வாழ்கிறவர்கள் வடசென்னைக்குப் புதிதல்ல. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் விரைவு சாலையில் எர்ணாவூர் பக்கம் வந்தால், அந்த வீடுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றின் பெயர் கன்டெய்னர் லாரி!

ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரையும் குப்பங்களும் சுனாமி குடியிருப்புகளும். இன்னொரு பக்கம் ரயில் பாதை, அதைத் தாண்டி மணலியின் தொழிற்சாலைகள். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே முகத்துவாரத்தைக் கடந்தால் காமராஜர் துறைமுகம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் எர்ணாவூர். துறைமுகத்துக்குள் போக முடியாமல் இந்தச் சாலையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலமும் உண்டு. நிற்கிற இடத்திலேயே தூங்கி, நிற்கிற இடத்திலேயே சமைத்தார்கள். இன்றும் வெளியூர் டிரைவர்கள் பலருக்கு, டயர் ஓரத்து நிழல்தான் அடுப்படி.

முன்பு பம்ப் ஸ்டவ்வும் மண்ணெண்ணெய் கேனும் லாரியில் இருந்தன. இப்போது அந்த இடத்தில் சின்ன சிலிண்டர். அரிசி, பருப்பு எங்கும் கிடைக்கும். தண்ணீரையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால், வழியில் கேஸ் தீர்ந்தால்?

வீட்டு வாசலில் கேஸ் இருக்கு, ஆனா...

எர்ணாவூரில் இந்தக் கேள்விக்கு ஒரு விநோதமான பின்னணி உண்டு. இந்தியா பயன்படுத்தும் சமையல் கேஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அப்படிக் கப்பலில் வரும் கேஸ் இறங்கும் இடங்களில் ஒன்று, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் காமராஜர் துறைமுகம். இந்தியன் ஆயிலும் மலேசியாவின் பெட்ரோனாஸும் சேர்ந்து நடத்தும் இறக்குமதி முனையம் எண்ணூரில் உள்ளது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் கேஸ் கிடைக்கிறது. அதையெல்லாம் பாட்டிலிங் பிளான்ட்டுகளுக்குக் கொண்டுபோகும் புல்லட் டேங்கர் லாரிகளில் நாமக்கல் வண்டிகள் ஏராளம்.

ஒரு புல்லட் டேங்கரில் சுமார் 18 டன் கேஸ் இருக்கும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கணக்கில் 1,200-க்கும் மேல். அதை ஓட்டுகிற டிரைவர் தன் வண்டி பக்கத்தில் ஒரு தீக்குச்சிகூட உரசக் கூடாது. அவர் ஹோட்டலைத்தான் தேடிப் போக வேண்டும். பக்கத்தில் நிற்கும் கன்டெய்னர் டிரைவருக்கோ, தேவை 5 கிலோ கேஸ்தான்.

இந்த ஊருக்கும் கேஸ் கப்பலுக்கும் கசப்பான கதையும் உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அதில் 'பி.டபிள்யூ மேப்பிள்' கேஸை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல். அது மோதிய 'டான் காஞ்சிபுரம்' கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் கரையில் தார் போல ஒதுங்கியது. வாளி வாளியாக அள்ளி அதை அகற்றிய காட்சியை நாடே பார்த்தது.

முகவரி இல்லாதவங்களுக்கு ஒரு சிலிண்டர்

வீட்டு கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். இன்றைக்கு எர்ணாவூர், நாளைக்கு நெல்லூர் என்று ஓடுகிறவர் எந்த முகவரியைக் காட்டுவார்? டிரைவருக்கு மட்டுமல்ல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கும் இதே பிரச்னைதான்.

இதற்காகத்தான் 2013 அக்டோபரில் 5 கிலோ சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்கள் கொண்டுவந்தன. முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களின் பெட்ரோல் பங்க்குகளில் விற்பனை தொடங்கியது. இதற்கு முகவரிச் சான்று தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், ஆதார் போல ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். மானியம் கிடையாது, சந்தை விலைதான். தீர்ந்ததும் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, கேஸுக்கு மட்டும் பணம் கட்டி நிரப்பிய சிலிண்டரை வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியன் ஆயில் 2020-ல் இந்தச் சிலிண்டருக்கு 'சோட்டு' என்று பெயர் வைத்தது. பிறகு 2 கிலோவில் 'முன்னா' வந்தது. 2022-ல் இந்த இரண்டும் தமிழகக் கூட்டுறவுக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தன. பாரத் கேஸும் ஹெச்.பி கேஸும் தங்கள் பெயரில் 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. ஒரே ஒரு விஷயம்: எந்த நிறுவனத்தின் சிலிண்டரோ, அதே நிறுவனத்தின் விற்பனை இடத்தில்தான் மாற்ற வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்கள், தங்கள் வழியில் எந்த நிறுவனத்தின் கடைகள் அதிகம் என்று பார்த்து வாங்குவது நல்லது.

சின்ன பர்னரில் 5 கிலோ கேஸ் சுமார் 30 மணி நேரம் எரியும். தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால் ஒரு மாதம் ஓடும்.

ஐரோப்பாவிலும் அதே தேடல்!

லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கேம்பர் வேன் எடுத்து ஐரோப்பா சுற்றக் கிளம்பினால், அவர்களுக்கும் இதே தலைவலிதான். பிரிட்டனின் கேலர் சிலிண்டரை பிரான்ஸில் மாற்ற முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் சிலிண்டர் வேறு, ரெகுலேட்டர் வேறு. பல நாடுகளில் கிடைக்கும் 'கேம்பிங்கேஸ்' சிலிண்டரோ அளவில் சின்னது.

அதனால் நீண்ட பயணம் போகிறவர்கள், வண்டியிலேயே பொருத்திய, மீண்டும் நிரப்பக்கூடிய சிலிண்டரை வைத்துக்கொள்கிறார்கள். கார்களுக்கு ஆட்டோ கேஸ் போடும் பங்க்கில் அதை நிரப்பலாம். அங்கேயும் ஒரு சிக்கல். நிரப்பும் குழாயின் முனை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பா முழுக்க நான்கு வகை முனைகள் உண்டு. அதற்கேற்ற அடாப்டர்களைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். குளிர்நாடு என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால் குளிர்காலத்தில் அங்கே புரோப்பேனுக்குத்தான் மவுசு.

'அங்கே பங்க்கில் நிரப்புகிறார்களே, இங்கே ஏன் கூடாது?' என்று கேட்கத் தோன்றும். வித்தியாசம் வால்வில் இருக்கிறது. அந்தச் சிலிண்டர்களில் 80 சதவிகிதம் நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. வெயிலில் திரவ கேஸ் விரிவடையும். அதற்கு உள்ளே காலி இடம் வேண்டும். நம் ஊர் சமையல் சிலிண்டரில் அந்த வால்வு கிடையாது. பாட்டிலிங் பிளான்ட்டில் எடை போட்டு நிரப்புவதுதான் ஒரே பாதுகாப்பு. ஆட்டோ கேஸ் பங்க்கில் சமையல் சிலிண்டரை நிரப்புவதும், பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றுவதும் சட்டப்படி குற்றம்.

மதுரை சொன்ன பாடம்

ஆனாலும் சில இடங்களில் கடைக்குப் பின்னால் 'ஒரு கிலோ, ரெண்டு கிலோ' என்று கேஸ் பிடித்துக் கொடுக்கும் திருட்டு வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. அவசரத்துக்கு அங்கே போகிறவர், எடை தெரியாமல் நிரப்பிய ஒரு குண்டை வாங்கிக்கொண்டு வருகிறார். சென்னை வெயிலில், இரும்பு கேபினுக்குள் அதை வைத்தால் என்ன ஆகும்?

பயணமும் கேஸும் தப்பான இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, உத்தரப்பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி மதுரை ஸ்டேஷன் அருகே நின்றிருந்தது. உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர். டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோனால் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை என்று ரயில்வே சட்டம் சொல்கிறது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ரயில் பெட்டி, லாரி கேபின், விசைப்படகின் அறை என மூடிய இடம் எதுவானாலும் கதை ஒன்றுதான்.

சிலிண்டரோடு கிளம்புறவங்க கவனிக்க...

* கேபினுக்குள் சமைக்க வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி, காற்றோட்டமான இடத்தில் பற்றவையுங்கள்.

* சமைத்து முடித்ததும் ஸ்டவ்வை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடுங்கள். சிலிண்டரைப் படுக்கவைக்காமல், உருளாதபடி நிமிர்த்திக் கட்டிவையுங்கள்.

* வாங்கும்போதே எடை போட்டுப் பாருங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு 5 கிலோ சேர்ந்தால் கணக்கு சரி.

* சிலிண்டரில் A, B, C, D என்று ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். அந்த மாதம் தாண்டிவிட்டால் வாங்காதீர்கள்.

* கசிவைப் பார்க்க சோப்பு நுரை போதும். தீக்குச்சியை உரசிப் பார்க்காதீர்கள். வாடை வந்தால் 1906-க்கு போன் செய்யுங்கள்.

எர்ணாவூர் சாலையில் சாயங்காலம் ஆனால், இரண்டு லாரிகளுக்கு நடுவே நீல நிறத்தில் தீ தெரியும். குக்கர் விசில் கேட்கும். வெங்காயம் வதங்கும் வாசனை டீசல் புகையோடு கலந்து வரும். கடல் கடந்து வந்த கேஸ், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அந்த ஸ்டவ்வுக்கு முறையான வழியில் வந்துசேர, பக்கத்து பங்க்கில் ஒரு 5 கிலோ சிலிண்டர் ஸ்டாக் இருந்தால் போதும். அது இல்லாத ராத்திரியில்தான், கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆளைத் தேடி யாராவது ஒருவர் நடக்கிறார்.